29 இஞ்ச் 1 நூல்: வீட்டில் செய்த கேரம் மேசை

ஊரில் தாத்தா காலத்து வீட்டைப் போன வருஷம் தை மாதக் கடைசியில் பிரித்தோம். குடியாத்தம் போகும் வழியில் ஒரு சின்ன கிராமம். ஓட்டு வீடு. ஓட்டைத் தாங்கும் கைமரம், கதவு, வாசக்கால் எல்லாம் வேம்பு. பின்கொட்டகையில் தாத்தாவின் மாட்டு வண்டியிலிருந்து கழற்றிய நீளச் சட்டங்கள் இரண்டு சாய்த்து வைத்திருந்தன. அவை கருவேலம். ஓடு வாங்க வந்தவர் மரத்தையும் சேர்த்து ஒரு விலை சொன்னார். அப்பா பதில் பேசவில்லை. கதவை வண்டியில் ஏற்றப் போனபோது அதன் மேல் கையை வைத்தவர் எடுக்கவே இல்லை. மரம் மட்டும் விலைக்கு இல்லை என்று நான் சொல்லிவிட்டேன். அன்று சாயங்காலமே ஒரு டாடா ஏஸ் பிடித்து, எல்லாவற்றையும் வேலூர் சத்துவாச்சாரியில் இருக்கும் எங்கள் வீட்டு மொட்டை மாடிக்குக் கொண்டுவந்து தார்ப்பாய் போட்டு மூடினேன்.

என்ன செய்வது என்பதில் வீட்டில் ஆளுக்கொரு ஆசை. ஆறாவது படிக்கும் மகளுக்குக் கேரம் போர்டு. அப்பாவுக்கு ஆடுபுலி ஆட்டம். சின்ன வயதில் கோயில் மண்டபக் கல்தரையில் கோடு கிழித்து ஆடியவர். என் மனைவிக்கு ஹாலில் சாப்பிடவும் பாடம் எழுதவும் ஒரு நல்ல மேசை. ஹால் 10 அடிக்கு 12 அடிதான், மூன்று சாமான் கொள்ளாது. அதனால் ஒரே மேசையில் மூன்றையும் அடக்க வேண்டும் என்று முடிவானது: அடியில் கேரம், மேலே மூடி, மூடியின் ஒரு முகம் சாப்பாட்டுக்கு, திருப்பிப் போட்டால் ஆடுபுலி.

எனக்குத் தச்சு வேலை தொழில் இல்லை. ஸ்டூல், அலமாரித் தட்டு என்று சின்ன வேலைகள் செய்து பழகியவன். எங்கள் தெருவில் எழுபது வயதைத் தாண்டிய ஆசாரி ஒருவர் இருக்கிறார். கண் மங்கியதால் வேலையை விட்டுவிட்டார், ஆனால் விரலால் தடவியே மரத்தின் மேடு பள்ளம் சொல்வார். வாரத்தில் இரண்டு நாள் மாடிக்கு வந்து நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்வதாகச் சொன்னார். அவர் இல்லாமல் இந்த மேசை இல்லை.

வேலையைத் தொடங்கும் முன்பே அம்மா ஒன்று சொன்னார்: "வாசக்கால் மரத்தக் காலுக்குப் போடாத. வருஷா வருஷம் மஞ்சள் பூசி பொட்டு வெச்ச மரம், எல்லாரும் அத உதைக்கக் கூடாது." நான் அதைத்தான் கால்களுக்கு ஒதுக்கி வைத்திருந்தேன், கனமாக 4 இஞ்சுக்கு 3 இஞ்ச் இருந்ததால். அம்மா சொன்னது எனக்கும் சரியென்றே பட்டது. கணக்கை மாற்றினேன். கைமரம் காலாகட்டும், கதவுப் பலகை மூடியாகட்டும், வாசக்கால் மேலே மூடியின் ஓரச் சட்டமாகட்டும். பிறகு பார்த்தால் இந்த மாற்றம்தான் மூடியைக் காப்பாற்றியது. அதைப் பின்னால் சொல்கிறேன்.

முதலில் அளவு. கேரம் ஆட்டப் பரப்புக்குப் போட்டி விதிகளில் குறைந்தது 73.5 செ.மீ., அதிகபட்சம் 74 செ.மீ. சதுரம் என்று இருக்கிறது. என் டேப்பில் இரண்டு கணக்கும் உண்டு, ஆசாரிக்கோ இஞ்சும் நூலும்தான் தெரியும். ஒரு இஞ்சுக்கு 8 நூல். 74 செ.மீ. என்று சொன்னதும் அவர் என் டேப்பை வாங்கி நகத்தால் அழுத்திக் காட்டினார்: 29 இஞ்ச், 1 நூல். முடி அளவுகூடப் பிசகவில்லை. அன்றிலிருந்து எங்கள் இரண்டு பேருக்கும் அந்த மேசையின் பெயரே அதுதான்.

மற்ற அளவுகளையும் சொல்லிவிடுகிறேன், செய்ய நினைப்பவர்களுக்கு உதவும். சுற்றுச் சட்டம் ஆட்டப் பரப்பிலிருந்து 1.9 முதல் 2.54 செ.மீ. உயரம் நிற்கலாம், நான் 7 நூல் வைத்தேன். சட்டத்தின் அகலம் 6.35 முதல் 7.6 செ.மீ., நான் வைத்தது 2 இஞ்ச் 6 நூல். குழியின் விட்டம் 4.45 செ.மீ. இதற்காகத் தனியாக எதையும் தேட வேண்டாம், துரப்பணத்தில் மாட்டி வட்டத் துளை வெட்டும் ஒன்றேமுக்கால் இஞ்ச் ஹோல் சா சரியாக அதே அளவு. அடிக்கும் கோட்டின் நீளம் 47 செ.மீ., சட்டத்திலிருந்து 10.15 செ.மீ. தள்ளித் தடித்த கோடு, அதற்கு மேலே 3.18 செ.மீ. இடைவெளியில் மெல்லிய கோடு. நடு வட்டம் 3.18 செ.மீ., பெரிய வட்டம் 17 செ.மீ. மேசை நிற்கும் உயரம் 63 முதல் 70 செ.மீ.

இந்தக் கடைசி அளவில்தான் முதல் சிக்கல். சாப்பாட்டு மேசை என்றால் 30 இஞ்ச், அதாவது 76 செ.மீ. என்று எல்லோரும் செய்கிறார்கள். அந்த உயரத்தில் கேரம் வைத்தால் தோள் தூக்கிக்கொள்ளும், பத்து நிமிஷத்தில் வலிக்கும். ஆட்டப் பரப்பை 26 இஞ்சில், அதாவது 66 செ.மீ.யில் வைத்தேன். மேலே மூடி போட்டால் கிட்டத்தட்ட 28 இஞ்ச் வரும். சாப்பிடும்போது கொஞ்சம் தாழ்வுதான். அப்பாவுக்கும் மகளுக்கும் அது வசதியாகவே இருக்கிறது.

இரண்டாவது சிக்கல் பெரியது. முதலில் நான் போட்ட படத்தில் மேசை ஒரு பெட்டி மாதிரி இருந்தது. நடுவில் பள்ளம், அதற்குள் கேரம் போர்டு இறங்கி உட்காரும், மேலே மூடி. படத்தில் அழகாக இருந்தது. மரத்தில் கை வைக்கும் முன் பழைய கேரம் போர்டைச் சுற்றி அட்டைப் பெட்டிகளை 2 இஞ்ச் உயரத்துக்கு அடுக்கி மகளை ஆடச் சொன்னேன். முதல் அடியிலேயே மணிக்கட்டு அட்டையில் இடித்தது. கேரம் ஆடுகிறவர் கை சட்டத்தின் மேல் படிந்து, விரல் மட்டும் உள்ளே இறங்க வேண்டும். சட்டத்துக்கு வெளியே அதைவிட உயரமாக எதுவும் நிற்கக் கூடாது. அதனால் படத்தைக் கிழித்துப் போட்டேன். கேரமின் சுற்றுச் சட்டமே மேசையின் விளிம்பு, மூடி அந்தச் சட்டத்தின் மேலேயே உட்காரும், தனிப் பெட்டி எதுவும் கிடையாது என்று புதிதாக வரைந்தேன். இரண்டு மணி நேரம் அட்டையோடு செலவழித்ததால் ஒரு மாத மர வேலை மிச்சமானது.

சட்டத்துக்கு எந்த மரம் என்பதையும் ஆடியே பார்த்தோம். கடையில் வாங்கும் நல்ல போர்டுகளில் ஈட்டி மரம் போடுவார்கள். நம்மிடம் இருந்தது வேம்பும் கருவேலமும். இரண்டிலும் ஒரு முழத் துண்டை இழைத்துத் தரையில் பிடித்து, ஸ்டிரைக்கரை ஒரே வேகத்தில் அடித்துத் திரும்பும் தூரத்தைச் சுண்ணாம்பால் குறித்தேன். வேம்பில் பட்டுத் திரும்பியதைவிடக் கருவேலத்தில் பட்டது ஒரு சாண் கூடுதலாகத் திரும்பியது, ஒவ்வொரு முறையும். கலப்பைக்கும் வண்டிச் சக்கரத்துக்கும் கொட்டாப்புளிக்கும் நம் ஊரில் ஏன் கருவேலத்தைத் தேடிப் போனார்கள் என்று அப்போது கைக்கே தெரிந்தது. அடியை வாங்கிக்கொள்ளாமல் திருப்பிக் கொடுக்கிற மரம் அது.

அறுப்பதற்கு மில்லுக்குப் போனால் வண்டி மரம் என்றதும் வேண்டாம் என்றார்கள். ஒரு ஆணி உள்ளே இருந்தால் வாள் பட்டை போய்விடும், அவர்கள் பயம் நியாயம். வீட்டுக்கு வந்து பழைய ஸ்பீக்கரிலிருந்து எடுத்த காந்தத்தை நூலில் கட்டி, சட்டம் முழுவதும் தொங்கவிட்டபடி நகர்த்தினேன். காந்தம் இழுத்த இடமெல்லாம் சாக்பீஸ் வட்டம். மேலே ஒன்றுமே தெரியாத இடத்தில் தலை மொட்டையாகிப் போன ஆணிகள் 11 இருந்தன. அவற்றைத் தோண்டி எடுக்கவே ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்விட்டது. எடுத்ததை ஒரு டப்பாவில் போட்டு மில்லுக்குக் கொண்டுபோய்க் காட்டிய பிறகு அறுத்துக் கொடுத்தார்கள். கூலி 600 ரூபாய். பழைய மரத்தில் வேலை செய்கிற யாரும் இந்தக் காந்த வேலையை விட்டுவிடாதீர்கள்.

கருவேலத்தை இழைக்கப் பொறுமை வேண்டும். இழைப்புளி உளியை ஒரு சட்டத்துக்கு நான்கு முறை தீட்டினேன். வேம்பில் வேறு தொல்லை, அதன் நார் ஒரு பக்கமாக ஓடாது. ஒரு விரற்கடை இந்தப் பக்கம், அடுத்த விரற்கடை அந்தப் பக்கம் என்று மாறி மாறி வரும். எந்தத் திசையில் இழைத்தாலும் எங்கேயோ ஒரு இடத்தில் பிய்த்துக்கொண்டு வரும். ஆசாரி சொன்ன வழி: உளியை முடி அளவு மட்டும் வெளியே விட்டு, இழைப்புளியைச் சாய்வாகப் பிடித்துக் குறுக்காக இழுப்பது, கடைசியில் கண்ணாடிச் சில்லால் சுரண்டுவது. உடைந்த ஜன்னல் கண்ணாடியின் நேர் விளிம்பால் சுரண்டினால் உப்புத்தாளைவிடச் சுத்தமாக வருகிறது. கைக்குத் துணி சுற்றிக்கொள்ள வேண்டும்.

கால்கள் வேலையில் அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. நான்கு கால், நான்கு குறுக்குச் சட்டம், காலில் துளையும், அதற்குள் நுழையும்படி சட்டத்தின் நுனியில் கழுந்தும் போட்டு இறுக்கியது. முதல் துளையைக் கொஞ்சம் அகலமாக வெட்டிவிட்டேன், கழுந்தின் இரண்டு பக்கமும் மெல்லிய சீவல் ஒட்டிச் சரிசெய்தேன். ஹால் தரை ரெட் ஆக்ஸைடு, பார்க்க மட்டமாகத் தெரியும், ரசமட்டம் வைத்தால் 3 நூல் வாட்டம் காட்டியது. அதனால் கால் நுனியில் திருகி ஏற்றி இறக்குகிற போல்ட் போட்டேன். கேரமுக்கு இது கட்டாயம். சாய்ந்த பலகையில் காய் தானாக ஒரு பக்கம் போகும்.

சட்டத்தின் நான்கு மூலையும் 45 டிகிரியில் வெட்டிச் சேர்த்தவை. வெறும் பசை போதாது என்று மூலைக்குக் குறுக்கே காடி, அதாவது ஒடுங்கிய பள்ளம், வெட்டி மெல்லிய கருவேலச் சில்லு ஒன்றை உள்ளே செருகி ஒட்டினேன். ஆட்டப் பரப்புக்கான பிளைவுட்டைச் சட்டத்தின் உள்பக்கம் 2 நூல் ஆழக் காடியில் நுழைத்தேன். இங்கே பசை போடவே கூடாது. பிளைவுட் மெல்லிய தகடுகளைக் குறுக்கும் நெடுக்கும் வைத்து ஒட்டியது, வெயில் மழைக்கு அதிகம் அசையாது. சட்டமோ முழு மரம், அகலவாட்டில் விரியும் சுருங்கும். இரண்டையும் பசையால் கட்டிப்போட்டால் ஏதாவது ஒன்று வெடிக்கும்.

பிளைவுட்டை நான் அவசரப்பட்டு வாங்கினேன் என்பதைச் சொல்ல வேண்டும். 12 மி.மீ. வேண்டும் என்பதில் மட்டும் குறியாக இருந்து, மேல் தகடு எப்படி இருக்கிறது என்று பார்க்கவில்லை. சாதாரணப் பலகை, ரேகை பெரிதாக, ஆங்காங்கே புட்டி அடைத்தது. 15 கிராம் ஸ்டிரைக்கரை முழு பலத்தில் அடித்தால் மூன்றரை முறை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓட வேண்டும் என்பது நல்ல பரப்புக்கு விதி. என் பலகையில் இரண்டாவது ஓட்டத்திலேயே நின்றது. கடைக்குத் திருப்ப முடியாது, அளவுக்கு அறுத்தாகிவிட்டது. அதனால் அதையே தேற்ற வேண்டியிருந்தது. மரத்தின் நுண்துளைகளை அடைக்கும் சீலர் ஒரு கோட், 220 உப்புத்தாள். மறுபடி சீலர், 320. மறுபடி சீலர், 400. மொத்தம் ஐந்து கோட், ஒவ்வொன்றுக்கும் நடுவே ஒரு ராத்திரி. அதற்குப் பிறகு மூன்று ஓட்டம் வந்தது. ஒரு மாதம் ஆடி ஆடிப் பவுடர் படிந்த பிறகு மூன்றரையைத் தொட்டது. மறுபடி செய்தால் பணம் கூடுதலானாலும் ரேகை நெருங்கிய, மேல் தகட்டில் ஒட்டுப் போடாத பலகையைத்தான் வாங்குவேன்.

கோடு போட்டதில் வந்த கோளாறு இதைவிட மோசம். அளவெல்லாம் சரியாகக் குறித்து, பர்மனெண்ட் மார்க்கரால் கோடு, வட்டம், அம்பு எல்லாம் போட்டு, மகள் சிவப்பு வட்டங்களை நிரப்பினாள். பார்க்க அவ்வளவு அழகு. மேலே லேக்கர் ஒரு கை இழுத்ததும் கறுப்பு மை கரைந்து பிரஷ் போன பக்கமெல்லாம் புகை மாதிரி பரவிவிட்டது. மார்க்கர் மையைத் தண்ணீர் கரைக்காது, லேக்கரில் இருக்கிற தின்னர் கரைத்துவிடும். மகள் அழுதுவிட்டாள். எனக்கும் அன்று ராத்திரி தூக்கம் இல்லை. நல்ல வேளையாக அடியில் சீலர் இருந்ததால் மை மரத்துக்குள் இறங்கவில்லை. இரண்டு நாள் தேய்த்து எடுத்தோம். பிறகு கல்லூரிக் காலத்து டிராயிங் பெட்டியிலிருந்த கோடு போடும் பேனாவைத் தேடி எடுத்து, தண்ணீர் படாத இந்தியன் இங்க் ஊற்றிப் போட்டேன். முதலில் ஒரு பழைய துண்டுப் பலகையில் கோடு போட்டு லேக்கர் அடித்து, ஒரு நாள் காத்திருந்து பார்த்த பிறகே மேசையைத் தொட்டேன். வட்டங்களுக்கு காம்பஸின் முள் குத்தும் இடத்தில் செல்லோ டேப் ஒட்டிக்கொண்டால் நடுவில் ஓட்டை விழாது.

குழி போடும்போது ஹோல் சாவை ஒரே பக்கத்திலிருந்து முழுக்க இறக்கக் கூடாது. நடு துரப்பணம் மறுபக்கம் எட்டிப் பார்த்ததும் நிறுத்தி, பலகையைத் திருப்பி அந்தத் துளையிலிருந்து மீதியை வெட்டினால் இரண்டு விளிம்பிலும் பிசிறு இருக்காது. குழியின் வட்டம் இரண்டு சட்டத்தையும் தொட்டபடி நிற்க வேண்டும், அதற்கு மையம் இரண்டு பக்கத்திலிருந்தும் 2.2 செ.மீ. சொச்சம்.

எல்லாம் பூட்டி முதல் ஆட்டம் ஆடியபோது நடுவில் இருந்த காய்களின் சத்தம் எனக்கு ஒட்டவில்லை. ஓரத்தில் "டக்" என்று கேட்டது நடுவில் "டொப்" என்று கேட்டது. ஜன்னல் கடையிலிருந்து வாங்கிய நேரான அலுமினியச் சட்டம் ஒன்றைக் குறுக்கே வைத்து டார்ச் அடித்தேன். நடுவில் ஒரு அஞ்சல் அட்டை நுழைகிற அளவு வெளிச்சம். 74 செ.மீ. பலகை தன் கனத்திலேயே தொய்ந்திருந்தது. அடியில் தாங்குவதற்கு நான் ஒரே ஒரு குறுக்கு ரீப்பர் கட்டைதான் கொடுத்திருந்தேன். அதை எடுத்துவிட்டு, இரண்டு நெடுக்கும் இரண்டு குறுக்குமாகக் கட்டம் போல ரீப்பர் போட்டு, தொய்ந்த இடத்தில் பழைய கல்யாணப் பத்திரிகை அட்டையை நறுக்கி அடைகொடுத்து ஏற்றினேன். அட்டையை ஒவ்வொன்றாகச் செருகி, மேலே காயைப் போட்டுச் சத்தம் கேட்டு, மறுபடி செருகி. ஆசாரி கண்ணை மூடிக்கொண்டு கேட்டபடி இருந்தார். "இன்னும் ஒண்ணு வை தம்பி" என்பார். பிறகு "போதும்." அவர் போதும் என்ற இடத்தில் நிறுத்தினேன். இப்போது மூலையிலும் நடுவிலும் ஒரே சத்தம்.

ஆனி மாதத்தில் கேரம் ஆடத் தொடங்கிவிட்டோம். மகளுக்கு மரிய இருதயத்தைப் பற்றிச் சொன்னேன். சென்னைக்காரர், 1991லும் 1995லும் உலகப் பட்டம் வென்றவர், கேரமுக்காக அர்ஜுனா விருது பெற்ற முதல் ஆள், 1996ல். எங்கள் பள்ளிக்கூட நாட்களில் கேரம் கிளப் இல்லாத தெருவே இல்லை என்று சொல்லலாம். கீற்றுக் கொட்டகை, தொங்குகிற குண்டு பல்பு, சுற்றிலும் நின்று பார்க்கிற கூட்டம். அந்தக் கூட்டத்தில் பெண் பிள்ளை ஒருத்தியைக்கூட நான் பார்த்ததில்லை. இப்போது எங்கள் ஹாலில் சனிக்கிழமை சாயங்காலம் நான்கு சிறுமிகள் ஆடுகிறார்கள்.

இனி மூடி. மூன்றடிக்கு மூன்றடி, ஒரு இஞ்ச் கனம். கதவுப் பலகை நான்கை விளிம்புக்கு விளிம்பு ஒட்டிச் சேர்த்தேன். அக்னி நட்சத்திர வெயிலில், வேலூர் 42 டிகிரியில் காய்ந்துகொண்டிருந்த நாட்களில் இந்த வேலை. சாப்பாட்டு முகத்துக்கு இழைத்து மூன்று கோட் வார்னிஷ் அடித்தேன். ஆடுபுலி முகத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று வெறும் மரமாகவே விட்டேன். இங்கேதான் பெரிய தவறு நடந்தது.

ஆடி மாதம் முடியும் வரை ஒன்றுமில்லை. ஆவணி, புரட்டாசி மழை தொடங்கியதும் மூடி மெதுவாக ஆடத் தொடங்கியது. தட்டு வைத்தால் சாம்பார் ஒரு பக்கம் ஓடியது. அலுமினியச் சட்டத்தை வைத்துப் பார்த்தேன். நடு கீழே இறங்கி, இரண்டு ஓரமும் தூக்கிக்கொண்டு, வாழை மட்டை மாதிரி வளைந்திருந்தது, ஓரத்தில் 4 நூல். நான் பசை சரியில்லை என்று நினைத்தேன். ஆசாரி தடவிப் பார்த்துவிட்டு, "மேல வாயக் கட்டிட்ட, கீழ தொறந்து வுட்டுட்ட. கீழ மட்டும் தண்ணி குடிக்குது" என்றார். அதேதான். வார்னிஷ் அடித்த முகம் காற்றிலிருக்கும் ஈரத்தைச் சீக்கிரம் உறிஞ்சாது, வெறும் முகம் உறிஞ்சி விரியும். ஒரு முகம் விரிந்து மறுமுகம் அப்படியே நின்றால் பலகை வளையாமல் என்ன செய்யும்? இரண்டு முகத்துக்கும் ஒரே எண்ணிக்கையில் கோட் அடித்திருந்தால் இது வந்தே இருக்காது.

மூடியைக் கழற்றி, வெயிலில் போடாமல், மாடிப்படி நிழலில் இரண்டு பக்கமும் காற்றுப் படும்படி நிறுத்தி வைத்தேன். வெயிலில் போட்டுச் சீக்கிரம் நிமிர்த்தலாம் என்று தோன்றும், ஆனால் அப்படிச் செய்தால் வெடிப்பு விழும். வார்னிஷைச் சுரண்டி எடுத்தேன். மூன்று வாரத்தில் முக்கால்வாசி நிமிர்ந்தது. அப்போதே இன்னொரு குறையையும் தீர்த்துவிடலாம் என்று நினைத்தேன். பழைய பேப்பர்க் கடைத் தராசில் மூடி 14 கிலோ இருந்தது. அப்பாவாலோ மகளாலோ அதைத் திருப்ப முடியாது. அதனால் நட்ட நடுவில் அறுத்து இரண்டு பாதியாக்கினேன். பாதி அகலத்தில் வளைவும் பாதிக்கும் கீழே குறைந்தது, மீதியை இழைப்புளியால் எடுத்தேன்.

இப்போது வாசக்கால் மரம் வேலைக்கு வந்தது. ஒவ்வொரு பாதியின் இரண்டு நுனியிலும் பலகையில் நாக்கு விட்டு, வாசக்கால் மரத்தில் காடி வெட்டி, ஓரச் சட்டமாக மாட்டினேன். அது பலகையை வளையவிடாமல் பிடிக்கும். ஆனால் அகலவாட்டில் பலகை விரிய இடம் கொடுக்க வேண்டும், அதனால் காடி முழுவதும் பசை தடவக் கூடாது. நடுவில் மட்டும் நான்கு விரல் நீளத்துக்குப் பசை, இரண்டு பக்கமும் ஒவ்வொரு மர ஆணி, அந்த ஆணிக்கு நாக்கில் வட்டத் துளைக்குப் பதில் நீண்ட துளை. ஆணி நிற்கும், பலகை அதைச் சுற்றி நகரும். நூறு வருஷமாக மழையும் வெயிலும் பார்த்த வாசக்கால் மரம் கொஞ்சமும் முறுக்கவில்லை. புது மரத்தில் இந்தத் துணிச்சல் எனக்கு வந்திருக்காது.

மூடி நகராமல் நிற்க, கேரம் சட்டத்தின் நான்கு மூலையிலும் கழற்றி எடுக்கக் கூடிய மர முளைகள், மூடியின் இரண்டு முகத்திலும் அதற்கான குழிகள். இந்தக் குழிகளும் ஒரு பக்கம் நீளமானவை. வைகாசியில் மூடியின் மொத்த அகலம் 36 இஞ்ச், கார்த்திகையில் இரண்டு பாதியையும் சேர்த்து வைத்து அளந்தால் 36 இஞ்ச் 3 நூல். இஞ்சுக் கணக்கை நம்பி வட்டக் குழி போட்டிருந்தால் மழைக்காலத்தில் மூடி ஏறவே ஏறாது.

ஆடுபுலிக் கோடுகளை அப்பா உட்கார்ந்து வரையச் சொன்னார், நான் வெட்டினேன். உச்சியில் ஒரு புள்ளி, அதிலிருந்து இறங்கும் நான்கு கோடு, குறுக்கே மூன்று கோடு, அவற்றின் நுனிகளை இரண்டு பக்கமும் சேர்க்கும் கோடு, அடியில் ஒரு கோடு. குறுக்குக் கோடு ஒவ்வொன்றிலும் 6 புள்ளி, அடிக்கோட்டில் 4, உச்சியில் 1, ஆக 23. புலி 3, ஆடு 15. இரும்பு ஸ்கேலைப் பிடித்து ஹாக்ஸா பிளேடால் கீறி, ஒரு நூலில் பாதி ஆழத்துக்கு வந்ததும் அடுப்புக்கரித் தூளை ஃபெவிகாலில் குழைத்து அடைத்தேன். காய்ந்ததும் தேய்த்தால் கோடு மட்டும் கறுப்பாக நிற்கும். இரண்டு பாதியும் சேரும் இடத்தில் கோடு பிசகாமலிருக்க, இரண்டையும் மாட்டிய பிறகே கீற வேண்டும். கார்த்திகை ஈரத்தில் கோடுகள் அரை நூல் விலகி நிற்கின்றன, தையில் மறுபடி சேர்ந்துவிடுகின்றன. பிறகு இரண்டு முகத்துக்கும் மூன்று மூன்று கோட், அதே டப்பாவிலிருந்து, அதே நாளில்.

ஆடுகளுக்கு அப்பா புளியங்கொட்டை எடுத்துக்கொண்டார். புலிகளுக்குப் பாலாற்று மணலில் பொறுக்கிய மூன்று கூழாங்கல். வெள்ளைக் கல் ஒன்று, செம்மண் நிறம் இரண்டு. மகள் முதல் வாரம் புலியாகவே ஆடினாள், ஆடுகளைத் தாண்டித் தாண்டி வெட்டுவது அவளுக்குப் பிடித்தது. அப்பா ஆடுகளை ஒன்றுக்குப் பின் ஒன்றாக முட்டுக் கொடுத்து வைத்து, தாண்ட இடமில்லாமல் மூன்று புலியையும் அடைத்துவிட்டார். இப்போது அவள் ஆடுகளைத்தான் கேட்கிறாள்.

கேரம் பவுடர் பற்றியும் ஒன்று. போரிக் பவுடர்தான் வெகுகாலம் எல்லோரும் போட்டது. சாப்பிடும் மேசைக்கு அடியில் அது வேண்டாம் என்று மாவுச்சத்தில் செய்ததை வாங்கினேன். ஆட்டம் முடிந்ததும் ஈரமில்லாத துணியால் துடைத்து, முளைகளை மாட்டி, மூடி போட்ட பிறகே தட்டு வரும்.

நான்கு குழிக்கும் வலை இன்னும் போடவில்லை. அம்மா தன் பழைய சுங்குடிப் புடவையின் முந்தானையில் நான்கு சின்னப் பை தைத்து, குழிக்கு அடியில் குமிழ் ஆணியால் அடித்துக் கொடுத்திருக்கிறார். காய் விழும் சத்தம் மெத்தென்று கேட்கிறது. சிவப்புக் காயை அந்தப் பையிலிருந்து எடுக்கும்போது மகள் ஒரு நொடி கையை உள்ளேயே வைத்திருப்பாள்.